ரேகை தேய்ந்த கட்டைவிரல்

பெங்களூர் பீன்யாவில் நான் கணக்கு எழுதிய தொழிற்சாலையில் துரு தேய்க்கும் பராமரிப்பு வேலைக்கு ஒரே ஒரு தொழிலாளிதான் இருந்தார். கையில் பிடித்துத் தேய்க்கும் சாண்டிங் மிஷின் வந்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். அவர் புருவமெல்லாம் துருத்தூள் படிந்திருக்கும். தேய்த்த இடத்தை வெறும் கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் நகர மாட்டார்.

ஒருநாள் காலை, வாசலில் இருந்த வருகைப் பதிவு மிஷின் அந்த விரலை ஏற்கவில்லை. ரேகை தேய்ந்து போயிருந்தது.

"சார், எதிர்லயே நிக்கிறேனே," என்றார் சூப்பர்வைசரிடம்.

"நான் பாக்கறேன், மிஷின் பாக்கலியே. இன்னிக்கு நீ ஆப்சென்ட். சும்னே நிக்காத. வந்தது வந்துட்ட, இந்த கேட்ல இருக்கற துருவ எடுத்துட்டுப் போ."

மாலையில் நான் கிளம்பும்போது கேட் பளபளத்தது. அவர் வெறுங்கையோடு சாண்டிங் மிஷினை அணைத்தார்.

"கிளவுஸ் போட்டுத் தொலைக்கக் கூடாதா?" என்றேன்.

"போட்டா சொரசொரப்பு தெரியாது மேடம். நாளைக்கு சார் தடவிப் பாப்பாரு."

சொல்லிக்கொண்டே கேட்டை மேலிருந்து கீழே கட்டைவிரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க கொஞ்சம் இருக்கு," என்று, அன்று வேலைக்கே வராத அந்த மனிதர் மறுபடி மிஷினை ஆன் செய்தார்.