அசல் பரீட்சை அடுத்த மாதம்

என் அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். பத்தொன்பது வருடங்களாக ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் மட்டும் கோயில் வாசலில் காற்று வாங்குபவரின் சாந்தத்தோடு ஊரைச் சுற்றி வருகிறார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மெதுவா சார்'.

நான் அவரை அத்தான் என்பேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய கையோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து, மூன்று வருடங்களாக வேலைக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். "அடுத்து என்னம்மா?" என்று அத்தான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது அவருடைய தொழில் திறமை என்று எனக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

ஒருமுறை நானும் பின்சீட்டில் இருந்தேன். ஓட்டியவர் ஒரு பல் மருத்துவர். முன்னால் நின்ற லாரியை நோக்கி அவர் பக்தியோடு போய்க்கொண்டிருந்தபோது அத்தான் தன் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது.

"பாத்தீங்களா டாக்டர், கரெக்டா நிறுத்திட்டீங்க."

"நானா நிறுத்தினேன்?"

"பின்ன? நான்தான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேனே!"

கையைக் கட்டியிருந்தது உண்மை. காலைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. மருத்துவர் அன்று மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் தானாகவே நிறுத்தினார்.

இப்படி ஊருக்கெல்லாம் தைரியம் விற்ற மனிதருக்குச் சொந்த வீட்டில் சோதனை வந்தது. அவர் மகளுக்குப் பதினோரு வயது. உருவத்தில் சிறியவள், வாய் காரம். அதனால் வீட்டில் பெயர் மிளகு. நகரத்தின் பெரிய பள்ளியொன்றில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு. இடங்கள் நாற்பது. விண்ணப்பித்தவர்கள் இரண்டாயிரம் பேர். வீட்டில் பட்டதாரி நான் ஒருத்திதானே என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் உச்சி குளிர்ந்துபோய் ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன்.

அறுபது கேள்விகள், ஒரு மணி நேரம். வாரா வாரம் மாதிரித் தேர்வு வைத்தேன். முதல் வாரம் இருபத்தொன்று. அடுத்த வாரம் இருபத்து மூன்று. சிவப்புப் பேனா தீர்ந்து இன்னொன்று வாங்கினேன். மிளகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டாள். ஒரு மாலை, பென்சிலைச் சீவியபடி, சாதாரணமாகக் கேட்டாள்.

"சித்தி, நான் மக்குதானே?"

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. நீங்க போட்ட மார்க்கைக் கூட்டிப் பாத்தேன்."

நாலாவது மாதிரித் தேர்வு அன்று காலை வாந்தி எடுத்தாள். அத்தான் முதுகைத் தடவிக்கொடுத்தார். அன்று வேலைக்குப் போய் மூன்று மாணவர்களிடம் தவறான பக்கம் திரும்பச் சொன்னாராம்.

அந்த வாரமே திட்டத்தோடு வந்தார். "நிஜப் பரீட்சையையும் மாதிரின்னே சொல்லிடலாம். அசல் அடுத்த மாசம்னு சொல்லுவோம். பயமே இல்லாம எழுதிட்டு வருவா. வந்தப்புறம் விஷயத்தை உடைப்போம்."

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "பொண்ணுகிட்ட பொய் சொல்லப் போறீங்க."

"பொய் இல்ல. தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்."

"நீ என்னடி சொல்ற?" என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

எனக்கு அது அருமையான யோசனையாகத் தோன்றியது. என் சிவப்புப் பேனா செய்த சேதத்தை யாராவது துடைத்தால் போதும் என்றிருந்தது. தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேர்வு நாளன்று பள்ளி வாசலில் திருவிழாக் கூட்டம். ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒரு அப்பா மகனுக்குக் கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா பதினேழாம் வாய்பாட்டை மகளின் காதில் ஊதிக்கொண்டிருந்தார். மிளகைவிட உயரமான ஒரு சிறுமி தேம்பித் தேம்பி அழுதாள். மிளகு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, மாதிரிப் பரீட்சைக்கே இவ்ளோ கூட்டமா? இந்த அக்கா ஏன் அழறாங்க?"

"பாவம், அவங்க வீட்டுல யாரும் விவரம் சொல்லல போல" என்றார் அத்தான், முகம் மாறாமல்.

மிளகு விசிலடித்துக்கொண்டு உள்ளே போனாள். நுழைவுச் சீட்டை அத்தான் தன் கையாலேயே காவலரிடம் நீட்டி, அவள் படிக்கவிடாமல் பார்த்துக்கொண்டார். பிறகு மதில் ஓரம் நின்று, தரையில் இல்லாத பிரேக்கை நாற்பத்தைந்து நிமிடங்கள் மிதித்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தைந்துதான். ஏனென்றால் கால் மணி நேரம் முன்னதாகவே மிளகு வெளியே வந்துவிட்டாள். முகத்தில் பிரகாசம்.

"செம ஈசிப்பா!"

அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் 'எப்படி என் மூளை?' என்று எழுதியிருந்தது. "எல்லாம் எழுதிட்டியா கண்ணு?"

"அம்பது எழுதினேன். கடைசிப் பத்தையும் விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? தெரியலையா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். புதிர்க் கணக்கு. அதை அசலுக்கு வச்சுக்கலாம்னு விட்டுட்டேன். நீங்கதானே சொல்லுவீங்க, பழகும்போதே முழு வேகத்துல போகக்கூடாதுன்னு?"

அத்தானின் கால் மறுபடியும் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"பக்கத்துல அந்த அழுத அக்கா உக்காந்திருந்தாங்க. பாவமா இருந்துச்சு. 'இது சும்மாதான்க்கா, அசல் அடுத்த மாசம்'னு மெல்லமா சொன்னேன். அவங்க இன்னும் சத்தமா அழுதாங்க. மேற்பார்வை பாத்த மேடம் என்னை முறைச்சாங்க."

வீடு திரும்பும் பேருந்தில் நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். விஷயத்தை உடைக்க வேண்டிய நேரம் அதுதான். உடைக்கவில்லை.

அதன்பின் நடந்ததுதான் கொடுமை. மிளகு உற்சாகமாக அசல் தேர்வுக்குத் தயாரானாள். காலையில் தானாக எழுந்து புதிர்க் கணக்குகளைப் போட்டாள். அவளுக்குத் தைரியம் பெருகப் பெருக அத்தானுக்குச் சட்டை தளர்ந்துகொண்டே போனது. பத்து நாள் கழித்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஒரு அசல் பரீட்சையை நாமளே வச்சா என்ன? எங்க பயிற்சிப் பள்ளியில வகுப்பறை இருக்கு. நீ கேள்வித்தாள் போடு. பல் டாக்டரை மேற்பார்வைக்குக் கூப்பிடறேன், கோட்டு போட்டு வருவாரு."

சொன்னால் வெட்கக்கேடு, நான் ஏழு கேள்விகள் தட்டச்சுகூட செய்துவிட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். திரையைப் படித்தாள்.

"சரி. பரீட்சை நீங்க ரெண்டு பேரும் வைக்கிறீங்க. ரிசல்ட் யாரு போடுவா?"

"அது..."

"அவ பாஸாயிட்டா பள்ளிக்கூடம் யாரு கட்டுவா? டாக்டரா?"

அத்தான் அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிட்டா என்னை நம்பவே மாட்டாடி."

"இப்ப மட்டும் நீங்க அவளை நம்பினீங்களா?" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சிக் காரில் மிளகையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, மாணவர்கள் வண்டி பழகும் வெட்டவெளிக்குப் போனார். துணைக்கு வரச் சொன்னது அவர்தான். வண்டியை நிறுத்தி, சாவியை உருவி, எல்லாவற்றையும் சொன்னார். பேச்சை அவர் இவ்வளவு மோசமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. முன்னால் போனார், பின்னால் வந்தார், இடையில் என்னை இழுத்துவிட்டார்.

மிளகு கண் கலங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்போ முடிஞ்சு போச்சா?"

"முடிஞ்சுபோச்சும்மா."

"நான் எழுத மாட்டேன்னு நினைச்சீங்களா?"

"இல்லடா. வாந்தியெல்லாம் எடுத்தியே, அதான்..."

"வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிட்டு வந்து எழுதினேன்ல? அன்னைக்கு எவ்ளோ மார்க் சித்தி?"

எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். முப்பத்து நாலு. அதுவரை அவள் வாங்கியதிலேயே அதிகம். என் கையாலேயே போட்ட எண். அந்த நாளை நாங்கள் வாந்தியாக மட்டும் நினைவில் வைத்திருந்தோம். அவள் முப்பத்து நாலாக வைத்திருந்தாள்.

முடிவு வந்தது. மிளகு நாற்பத்தொன்று. கடைசியாகச் சேர்க்கப்பட்ட பிள்ளை நாற்பத்தாறு. விட்ட பத்தில் ஐந்து போட்டிருந்தால் போதும்.

மிளகு அதை ஊரெங்கும் அறிவித்தாள். எதிர்வீட்டு மாமியிடம், முடிதிருத்துபவரிடம், பேருந்து நடத்துனரிடம். "எனக்குக் கிடைச்சிருக்கும். எங்கப்பா கெடுத்துட்டாரு." கார் ஓட்டக் கற்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள்: "சார், பொண்ணு பரீட்சையைக் கெடுத்தது நீங்கதானா?" அத்தான் ஒவ்வொருவரிடமும், "ஆமாங்க, நான்தான். கண்ணாடியைப் பாத்து ஓட்டுங்க" என்றார்.

நான் பதினோரு வயதில், பள்ளி ஆசிரியை சொல்லி எழுதிய இப்படி ஒரு தேர்வில் தோற்றவள். எங்கள் வீட்டில் அப்படியொரு தேர்வு இருப்பதே யாருக்கும் தெரியாது. நுழைவுச் சீட்டு என்றால் அப்பாவுக்கு சினிமா டிக்கெட்தான். பழி போட ஆள் இல்லாததால் முழுவதையும் நானே வைத்துக்கொண்டேன். மிளகுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதற்காக அத்தான் செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு பள்ளியின் விண்ணப்பத்தை மிளகு தானே கொண்டுவந்தாள், தானே நிரப்பினாள். தேதியைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதினாள். எங்களுக்கு நிபந்தனைகளும் போட்டாள்.

"ரெண்டு பேரும் வாசல் வரைக்கும் வரலாம். சித்தி, சிவப்புப் பேனா கூடாது. அப்பா, நீங்க வாயே திறக்கக் கூடாது."

அந்தத் தேர்வு நாள் காலை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தான் பார்த்தார், வாய் திறக்கவில்லை. பேருந்தில் முழுத் தூரமும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பள்ளி வாசலில் அவள் கையை விட்டபோது மட்டும் தாங்க முடியவில்லை.

"மிளகு, இது அசல்."

"தெரியும்ப்பா."

நுழைவுச் சீட்டைத் தானே காவலரிடம் காட்டிவிட்டு உள்ளே போனாள். அத்தான் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை ஜில்லுன்னு இருந்துச்சும்மா அவளுக்கு."

"பயந்துதான் போறா அத்தான்."

"ஆமா" என்றார். "ஆனா போறா பாரு."

ஒரு மணி நேரம் முழுவதும் நின்றோம். இந்த முறை அவள் முன்னதாக வரவில்லை.