பல்பைப் பிடித்திருந்தவர்

இன்று காலை காரில் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். உதவிக்கு அழைத்ததும் ஒருவர் பைக்கில் வந்தார். செல்போன் அளவில் இருந்த ஒரு பெட்டியைப் பேட்டரியில் மாட்டினார், வண்டி கிளம்பிவிட்டது. அவர் போன பிறகும் நான் பானெட்டை மூடாமல் நின்றிருந்தேன். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியும் அதன் புளித்த வாடையும் என்னைப் பதினைந்து வருடம் பின்னால் இழுத்துப் போய்விட்டன.

அப்போது நான் காரைக்குடியில் ஒரு ஓட்டலில் வரவேற்பாளன். பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். வெளிநாட்டு விருந்தினர்களோடு பேசுவதற்கென்றே என்னை எடுத்திருந்தார்கள். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அபார நம்பிக்கை. விருந்தினர்களுக்கு எப்படியோ தெரியாது.

ஒரு நாள் ஓட்டலின் பின்பக்கக் காலி இடத்தில் ஒரு ஜெர்மன் வண்டி வந்து நின்றது. வெளியே பார்த்தால் வேன். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய், சின்ன ஃபிரிட்ஜ். ஓட்டி வந்தவர் ஹெல்கா என்கிற அறுபத்தைந்து வயது அம்மாள். பக்கத்து இருக்கையில் அவர் கணவர் வால்டர். அந்த வண்டியை வீடாக மாற்றிக் கட்டியவரே அவர்தான். ஜெர்மனியிலிருந்து கோவா வரை தரைவழியாக ஓட்டி வந்தவரும் அவர்தான். கோவாவில் பக்கவாதம் அடித்திருக்கிறது. நான்கு மாதத்தில் நடை ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. ஒரு சொல்கூட.

தூத்துக்குடியில் வண்டியைக் கப்பலேற்றிவிட்டு இருவரும் விமானத்தில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. கப்பலுக்கு மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலை ஹெல்கா சாவியைத் திருப்பினார். 'டக்.'

"உள்ளே விளக்கு எரிகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது. அப்புறம் ஏன் கிளம்பவில்லை?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? ஊருக்குள்ளேயே செக்காலையில் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருந்த சேவுகன் அண்ணனைக் கூட்டி வந்தேன். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

"தம்பி, வீட்டையே தூக்கிக்கிட்டு வந்துட்டாகளே!"

வீட்டுச் சாமான்களுக்கு ஒரு பேட்டரி, எஞ்சினுக்குத் தனியாக இன்னொன்று என்று அவரே தேடிக் கண்டுபிடித்தார். எஞ்சின் பேட்டரியின் முனைகளில் பூத்திருந்த பொடியின் மேல் வெந்நீர் ஊற்றினார். அது நுரைத்து, கரைந்து ஓடியது. தேய்த்துத் துடைத்து முடுக்கினார். மறுபடி 'டக்'. கடையிலிருந்து சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். அதற்கும் 'டக்'.

"பேட்டரி பாவம், அது மேல தப்பில்ல. ஸ்டார்ட்டர் மோட்டாரா இருந்தா இந்த வண்டிக்குச் சாமான் இங்குட்டு எங்கயும் கெடைக்காது தம்பி."

நான் மொழிபெயர்த்தேன். ஹெல்கா கணவரைப் பார்த்தார். வால்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அசையாத தன் வலது கையை வெறித்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் ஒவ்வொரு ஒயரும் அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வழியில்லை.

"மோட்டாரக் கழத்துறதுக்கு முன்னாடி எர்த்த ஒருக்கா பாத்துருவோம்" என்றார் சேவுகன் அண்ணன். எஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதில் பாய்ந்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப, எஞ்சினையும் வண்டியின் சட்டத்தையும் ஒரு செம்புப் பட்டை இணைக்கும், அதுதான் எர்த்து என்று எனக்கு விளக்கினார். ஒரு ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயர் கட்டினார். ஒன்றைப் பேட்டரியில் மாட்டிவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். பல்பு என் கையில். எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வருதா?"

"வருது."

"இங்குட்டு?"

"வருது அண்ணே!"

இப்படியே கொஞ்ச நேரம். ஒயர் பெயிண்ட்டில் பட்டு பல்பு எரியாத இடங்களில் "வரல" என்றேன். வேறொரு விருந்தினருக்காக மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பல்பை வால்டரின் இடது கையில் வைத்துவிட்டு ஓடினேன். பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

திரும்பி வந்தபோது அடியிலிருந்து குரல் கேட்டது. "எஞ்சின்ல வச்சிருக்கேன். வருதா?"

பல்பு மின்மினிப் பூச்சி அளவுக்குச் சிவந்து அணைந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வேறொரு குரல், கரகரவென்று, எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"வர... ல."

ஹெல்கா பாதி மடித்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி, சோறு திங்கலையா? சத்தமாச் சொல்லுங்க!"

"வரல!" என்றார் வால்டர்.

"அப்ப எர்த்துதான்!" அடியில் ஸ்பேனர் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஹெல்கா என் கையைப் பற்றினார். "அவர் என்ன சொன்னார்?" நாற்பது வருடம் கூடவே வாழ்ந்த மனிதர் சொன்னதை என்னிடம் கேட்கிறார். சம்பளம் வாங்கிய காலத்தில் நான் உருப்படியாகச் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். "கரண்ட் வரவில்லை என்கிறார்" என்றேன்.

களிம்பேறி இற்றுப்போயிருந்த பட்டையைச் சேவுகன் அண்ணன் கழற்றிவிட்டு, கடையிலிருந்து தடிமனான ஒன்றைக் கொண்டுவந்து முடுக்கினார். கீழேயிருந்து கடைசியாக ஒருமுறை கேட்டார். பல்பு பளீரென்றது. இந்த முறை வால்டர் தயங்கவில்லை. "வருது!" எது எந்தச் சொல்லுக்கு உரியது என்று உட்கார்ந்த இடத்திலேயே கேட்டுக் கேட்டுப் பிடித்திருக்கிறார்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமிக் கிளம்பியது. வால்டர் வண்டியின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. எண்ணெயும் மண்ணுமாக வெளியே வந்த சேவுகன் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "அட, பேசமாட்டாகளா? நான் நீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றவர், வால்டரைத் திரும்பிப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

வண்டி கப்பலேறியது. காலி இடத்தில் இப்போது ஏசி அறைகள். தரைவழியாக அப்படி யாரும் வந்து நான் பார்த்து வெகுகாலமாகிறது. கடையை விட்டுவிட்டு மகளோடு திருப்பூர் போன சேவுகன் அண்ணனின் பழைய எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை.

மறு வருடம் ஹெல்காவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வால்டருக்கு ஜெர்மன் திரும்பிவிட்டதாம். ஹெல்கா கார் ஓட்டுவதைக் குறை சொல்லும் அளவுக்கு. அந்த இரண்டு தமிழ்ச் சொற்கள் மட்டும் போய்விட்டன. 'நான் சொல்லிக் காட்டினேன்,' என்று எழுதியிருந்தார். 'இது எந்த ஊர் பாஷை என்று என்னையே கேட்கிறார்.'