மச்சானுக்குக் கொடுத்த தூண்டில் கம்பு

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். மணலூர்பேட்டையில் என் மனைவியின் தம்பி ஏழுமலை, வெறும் மூங்கில் கழியிலேயே என்னைவிட அதிகம் மீன் பிடிப்பான். அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். எனக்குப் பொறுக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் மலிவாக இரண்டு தூண்டில் கம்புகள் வாங்கினேன். ஒன்று பெரிய மீனைத் தாங்கும் விறைப்பானது. மற்றது கெண்டைக் குஞ்சுக்கான மெல்லியது. அதில் முள்ளைத் தண்ணீரில் அமிழ்த்தும் ஈயக் குண்டைக் கனமாகக் கட்டக் கூடாது என்றார் கடைக்காரர். ஏரிக்குப் போனதும் அதில்தான் கனமான ஈயத்தைக் கட்டி ஏழுமலையிடம் கொடுத்தேன். கம்பு உடைந்து அவன் அவமானப்பட வேண்டும் என்பதே என் ஆசை.

தூண்டில் முள் தண்ணீருக்கடியில் ஒரு வேரில் சிக்கியது. வேர்தான் என்று எனக்குத் தெரியும்.

"இன்னா மாமா, தொடப்பக்குச்சி மாறி வளையுது? வேற குடுங்க."

"பெரிய மீனுடா. பயந்துக்கினு நிக்காத, இழு!"

இழுத்தான். முள் சட்டென்று விடுபட, ஈயம் அவன் முகத்துக்கே திரும்பிப் பாய்ந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். நடிக்கிறான் என்று கைதட்டிச் சிரித்தேன். விரலிடுக்கில் ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

அந்தக் கண் போய்விட்டது. "மாமா மேல தப்பில்ல, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றுதான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறான்.

இப்போது தூண்டில் வாங்குகிறவர்களிடம், விலையைக் கேட்கும் முன் எந்த மீனுக்கு, எவ்வளவு ஈயத்துக்கு என்று கேளுங்கள் என்கிறேன். ஏழுமலையிடம் உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவன் மகள் இந்தப் பத்திரிகையை அவனுக்குப் படித்துக் காட்டுவாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.