எட்டுக் கிலோவுக்குக் குறையாமல்

என்ர சிநேகிதிகளோட மூன்று நாள் மலைநாட்டில் நடக்கப் போவோம், வாங்கோ அம்மா என்று மகள் கூப்பிட்டபோது எனக்கு நடையில் ஒரு ஆசையும் இருக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்தவள், அதில் மூன்று நாளைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொடுக்கப் போகிறாளே என்ற வயிற்றெரிச்சல்தான். கூடப் போகாவிட்டால் அந்த மூன்று நாளும் அவள் எனக்கில்லை. வெள்ளவத்தை மார்க்கெட்டிலிருந்து இரண்டு தேங்காயோடு வீட்டுக்கு வரவே ஓட்டோ பிடிக்கிற நான், ஓம் என்றேன்.

"பை எட்டுக் கிலோவுக்கு மேலே போகக்கூடாது அம்மா. பிறகு நீங்கள் பின்னுக்கு நிண்டிடுவீங்கள்," என்றாள்.

நிறையைப் பற்றி எனக்கா சொல்கிறாள்? எங்கள் குடும்பத்தில் பாதி கனடா, மீதி லண்டன். எல்லோருக்கும் பெட்டி கட்டிக் கொடுப்பவள் நான். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற தராசு எப்போதும் என் அலுமாரிக்குள் இருக்கும். நான் கட்டிய பெட்டி எயார்போர்ட்டில் நிறை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

இரண்டு உடுப்பு, மழைக்கோட்டு, மருந்து, துவாய். யூடியூப்பில் யாரோ சொன்னார்கள் என்று பல்துலக்கியின் பிடியைக்கூடப் பாதியாக வெட்டினேன். தராசு ஐந்து காட்டியது. மூன்று கிலோ சும்மா வீணாகப் போகிறது! மனம் கேட்கவில்லை. பருத்தித்துறை வடை, முறுக்கு, போத்தல் நிறையச் சீனிச் சம்பல், அவளுக்குப் பிடித்த கதலி வாழைப்பழம் ஒரு சீப்பு. எட்டு வந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

முதல் ஏற்றத்திலேயே நாக்குத் தள்ளிவிட்டது. மகளும் அவளுடைய சிநேகிதிகளும் தேயிலைச் செடிகளுக்குள் எங்கோ போய் மறைந்துவிட்டார்கள். அவளோடு இருக்க வந்த எனக்கு அவளுடைய முதுகைக்கூடக் காணக் கிடைக்கவில்லை. ஒரு கல்லில் குந்தினேன். அழுகை வந்தது. நசுங்கிய கதலிப்பழம் வேறு முதுகில் பிசுபிசுத்தது.

என்னைக் காணாமல் அவள் திரும்பி வந்தாள். பையைத் திறந்தாள். அரைப் பிடிப் பல்துலக்கியை ஒரு கையிலும் சம்பல் போத்தலை மறு கையிலும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"எட்டுக் கிலோ எண்டு நீதானே சொன்னனீ."

"மேலே போகக்கூடாது எண்டுதான் சொன்னனான். நிரப்பச் சொல்லேல்லை!"

ஏசி ஏசியே எல்லாவற்றையும் தன் பைக்குள் போட்டாள். அந்தப் பாரத்தோடு அவளும் என் நடைக்கு வந்துவிட்டாள். வடையையும் என்னையும் மாறி மாறி ஏசியபடி பக்கத்திலேயே நடந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஏச்சு வாங்கியதில்லை. வடை முடிந்து பை இலேசான பிறகும் அவள் முன்னுக்குப் போகவில்லை.

அவள் கனடாவுக்குத் திரும்பும் நாள் பெட்டிப் பக்கமே நான் போகவில்லை. மலையில் வாங்கிய ஏச்சே போதும் என்று ஹோலில் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். அவள் என்னுடைய தராசை எடுத்துத் தானே பெட்டியைத் தூக்கிப் பார்ப்பது கதவு இடுக்கில் தெரிந்தது.

"அம்மா, இன்னும் நாலு கிலோ போடலாம்!"

முறுக்கும் சம்பலும் எடுக்கக் குசினிக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தை மலையில் ஓடியிருந்தால் எல்லோருக்கும் முன்னால் போயிருப்பேன்.