ஒரே தடவை கேட்பவர்

கொடைக்கானல் மிஷன் பள்ளியில் என்னோடு கணக்கு நடத்திய ஜெர்மன்காரர் எந்தக் குளிரிலும் அரைக்கால்சட்டைதான் போடுவார். பிளாஸ்க்கைத் திறந்து, "காபி சாப்பிடுறீங்களா?" என்று ஒரே தடவைதான் கேட்பார். மரியாதைக்கு "வேண்டாங்க" என்பேன், உடனே மூடிவிடுவார். வெள்ளைக்காரருக்கு உபசாரம் தெரியாது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் மனதில் உள்ளதை மட்டுமே பேசும் அந்தக் குணம் பிடித்துப்போய், நானும் கேட்டவுடன் டம்ளரை நீட்டப் பழகிவிட்டேன்.

அவர் ஒரேயடியாகத் தாய்நாடு திரும்பிய அன்று, பஸ் சன்னலில் ஆயக்குடிக் கொய்யாப் பையை நீட்டினேன்.

"வேண்டாங்க" என்றார். சரியென்று பையை இறக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"என்ன சார், இன்னும் ரெண்டு தடவ கேக்க மாட்டீங்களா? உங்க ஊர் வழக்கமாச்சே!"

பஸ் நகர்ந்தது. "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க" என்று கூடவே ஓடினேன். வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். கை மட்டும் வெளியே நீண்டிருந்தது.