ஃபால்ஸ் தைத்த சேலையும் கல்லாற்றுக் காட்டு நேர்ச்சையும்

இந்தச் செவ்வாய்க்கிழமை கல்லாற்றுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் ஓர் அம்மனுக்கு நேர்ச்சை நடந்துவிட்டு வந்தேன். காலில் செருப்பு கூடாது, உடம்பில் தையல் விழுந்த துணி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அங்கே முறை. ஜாக்கெட், பாவாடை, உள்ளே போடுவது எதுவும் ஆகாது. போவதற்கு முன் போனில் தேடிப் பார்த்தேன். அங்கே போய் வந்த பெண்கள் யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, எனக்குக் கிடைக்காத வரிகளை நானே எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நேர்ச்சையை நேர்ந்தது நான் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு இடது மார்பில் கட்டி வந்து, மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன நேரத்தில், வெளியே நின்ற கோமதி மைனி, அதாவது என் கணவரின் அக்கா, என்னைக் கேட்காமலே நேர்ந்துவிட்டார். "பிள்ளைய உசுரோட தந்திரு. தைக்காத துணியில உன் காட்டுக்கு நடத்திக் கூட்டிட்டு வாறேன்." கூட்டி வருவது அவர், நடப்பது நான்!

இரண்டு வருடம் சாக்குச் சொல்லியே தள்ளினேன். மழை என்றேன், மகளுக்குப் பரீட்சை என்றேன், கால்வலி என்றேன். உண்மைக் காரணம் வேறு. எடுத்த இடத்தை டாக்டரும் நர்சும் தவிர யாரும் பார்த்ததில்லை. என் கணவர்கூடப் பார்த்ததில்லை. இலவம்பஞ்சும், மேலே ஏறாமல் இருக்க ஒரு கைப்பிடி கடுகும் வைத்து நானே ஒரு துணிப் பொதி தைத்திருக்கிறேன். சமையலறைத் தராசில் 120 கிராம். கண் விழித்ததும் கண்ணாடியைத் தேடுகிறவர்கள் போல நான் அதைத் தேடுவேன்.

ஆனால் நாளை வெள்ளிக்கிழமை எனக்கு ஆறு மாத ரிவ்யூ. நேர்ச்சையைப் பாக்கி வைத்துவிட்டு ரிப்போர்ட் வாங்கப் போக எனக்குத் தைரியம் இல்லை. அந்த அம்மனுக்குப் பெண்கள் போவது செவ்வாய் மட்டும். இந்தச் செவ்வாயை விட்டால் ரிவ்யூவுக்கு முன்னால் வேறு நாள் கிடையாது. அப்படித்தான் கிளம்பினேன்.

பதினைந்து நாள் முன்பே தயாரானேன். மொட்டை மாடியில் இரண்டு சட்டி ஜல்லியைப் பரப்பி, காலையில் விளக்கேற்றிய பிறகு அரைமணி நேரம் வெறுங்காலோடு நடந்தேன். கீழிருந்து என் கணவர், "வீட்டுக்கு மேல வீடு கெட்டப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பருத்திச் சேலை, துவட்ட ஒரு துவர்த்து, அம்மனுக்குச் சாத்த ஒரு புதுத் துவர்த்து ஆகியவற்றை எடுத்து வைத்தேன். இங்கே மலையாளக் கரையில் நெய்து வருகிற அந்த மெல்லிய துண்டுக்குத் தையலே கிடையாது.

தம்பானூரில் 5.40 பஸ். வித்துரா 38 கிலோமீட்டர், ஒரு டிக்கெட் 54 ரூபாய், 7.20க்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்ரீவராகத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வித்துரா வரும் வரை நான் ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை. பையைத் திறந்து சாமான்களைச் சரிபார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பாதி வழியில் மைனி பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வித்துராவிலிருந்து ஜீப். போக, காத்திருக்க, திரும்பிவர 1,300 ரூபாய். கல்லாற்றில் தார் ரோட்டை விட்டுப் பிரியும் மண்பாதையில் 5 கிலோமீட்டர். புரட்டாசிக் கடைசி என்பதால் இடதுபுறம் முழுவதும் மேகம் கறுத்துக் கிடந்தது. டிரைவர் சொன்னார்: "சேச்சி, ரெண்டு மணிக்கு முன்னே இறங்கிடணும் கேட்டோ. மழை வீணால் ஈ வழி வழியில்லா, தோடாக்கும்."

மழை விழுந்தால் பாதையே ஓடையாகிவிடுமாம்.

பாதை முடியும் இடத்தில் லீலாவின் வீடு. வயது ஐம்பது இருக்கும். தோட்ட வேலைக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்பதால் தமிழ் பேசுவார். அவர் துணை இல்லாமல் காட்டுக்குள் போக முடியாது. கூலி 400 ரூபாய். அவர் வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டு ஜாக்கெட், பாவாடை எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். இடுப்பில் வாழைநார்க் கயிறு கட்டி அதில் சேலையைச் செருகி, முந்தானையை இரண்டு சுற்றாகப் போர்த்திக்கொண்டேன்.

பொதியைக் கழற்றவில்லை. கிழித்த துணி நாடா ஒன்றால் சேலைக்கு உள்ளே கட்டிக்கொண்டேன். என் கையால் தைத்த பொதி அது, சுற்றிலும் தையல் என்பது எனக்குத் தெரியாததா? 'மருந்து மாதிரி இது, துணி இல்லை' என்று மனசுக்குள் அம்மனிடம் வழக்குப் பேசிக்கொண்டேன். பக்தி உள்ளவள் என்று சொல்லிக்கொள்கிற நான் இதைச் செய்தேன். எழுதும்போது கை கூசுகிறது.

9.05க்கு நடக்க ஆரம்பித்தோம். ஓடை வரை 2.5 கிலோமீட்டர். மாடி ஜல்லி எனக்குச் சொல்லிக் கொடுத்தது பாதிதான். ஜல்லி அசையாது. காட்டுத் தரை அசையும். இலைச் சருகுக்குக் கீழே குளிர்ந்த சேறு, அதற்குக் கீழே வேர், வேருக்குப் பக்கத்தில் வெட்டிய ஈற்றை மூங்கிலின் கூர்முனை. ஒவ்வொரு அடியும் வைத்துப் பார்த்துத்தான் எடை கொடுக்க வேண்டும். வழியில் யானை லத்தி கிடந்தது. லீலா கால் பெருவிரலால் தொட்டுப் பார்த்து, "பழசு" என்றார். எவ்வளவு பழசு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து கையில் வைத்திருந்தார். ஏறும்போது எனக்கு நான்கு, மைனிக்கு ஒன்று.

"பாத்தியா, அட்டைக்கும் இளசுதான் வேணும்" என்றார் மைனி.

10.15க்கு ஓடை. இதற்கு மேல் நேர்ச்சைக்காரியும் துணைக்கு ஒருத்தியும்தான். மைனி இக்கரையில் காத்திருக்க வேண்டும். கடப்பதற்கு முன் மூன்று தடவை கேட்பார்கள். லீலா என் எதிரே நின்று கேட்டார்.

"தையல் உண்டா?"

"இல்லை."

"தையல் உண்டா?"

"இல்லை" என்றேன். பொதிக்குக் கீழே வியர்வை ஓடியது.

மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. குனிந்து என் கால் பக்கம் பார்த்தார்.

"அக்கா, இது ஃபால்ஸ் அல்லே?"

சேலையின் கீழ்க்கரையில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற அதே பட்டைத் துணிதான். வாங்கிய கையோடு தைக்கக் கொடுத்து, முந்தானை முனைக்கு பீக்கோவும் அடித்து வாங்கியவள் நான். ஜாக்கெட்டை நினைத்தேன், பாவாடையை நினைத்தேன், பொதியைப் பற்றி ராத்திரி பகலாக நினைத்தேன். ஃபால்ஸ் என் நினைவிலேயே வரவில்லை.

"ஏட்டி, இருவத்தெட்டு வருசமா சேல உடுக்க, ஃபால்ஸு தையல்னு தெரியாதா?" என்றார் மைனி.

"நீங்களும் பாத்துட்டுத்தானே மைனி வந்தீங்க?"

"நான் மேல சரியா மூடிருக்கான்னு பாத்தேன். கீழ யாரு பாத்தா?"

லீலா அவசரப்படவில்லை. "பிரிக்க ஒரு மணிக்கூர் ஆகும். மழை வரும். திரும்பிப் போகணும்னா போகலாம், அம்மா கோவிக்க மாட்டா. அடுத்த செவ்வாய் வரலாம். இல்லன்னா ரெண்டு துவர்த்து இருக்கே?"

இரண்டு துவர்த்து இருந்தது. ஆனால் ஒன்று அம்மனுக்கு. போகும்போது ஒன்றை இடுப்பிலும் ஒன்றை மேலேயும் கட்டிக்கொள்ளலாம். மேலே கட்டியதை அங்கே சாத்திவிட்டால், திரும்பி வரும்போது மேலே ஒன்றும் இருக்காது. எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. மைனிக்கும் புரிந்தது. அடுத்த செவ்வாய் என்பது வெள்ளிக்குப் பிறகு. "போகலாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.

சேலையைக் கரையில் நின்று அவிழ்க்க மனம் வரவில்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, உள்ளேயே அவிழ்த்து லீலாவிடம் நீட்டினேன். பொதியைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றிக் கல்லிடுக்கில் வைத்துவிடலாம் என்று நாடாவை இழுத்தேன். தண்ணீரின் குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. பொதி நழுவி, இலவம்பஞ்சு ஆனதால் மெதுவாக மேலே வந்து, மைனி நின்ற பக்கமாக மிதந்து போனது.

மைனி முட்டளவு தண்ணீரில் இறங்கி, ஆற்றில் போகிற தேங்காயைப் பிடிப்பது போல அதைப் பிடித்தார். கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"இது என்ன, கடுகா?"

"ஆமா."

"அதான் கடுகு டப்பா மாசத்துக்கு ரெண்டு தடவ காலியாகுதா? நான் உன் புருசன் ஊறுகா திங்காம்னு வைதுட்டு இருந்தேன்." பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "போ. தையலத்தான் ஆத்துல விட்டாச்சே. போயிட்டு வா" என்றார்.

லீலா மூன்றாவது தடவை கேட்டார். "இல்லை" என்றேன்.

இரண்டு துவர்த்தையும் தண்ணீருக்குள்ளேயே கட்டிக்கொண்டு அக்கரை ஏறினேன். நனைந்த துவர்த்தை உடுத்துவதும் உடுத்தாததும் ஒன்றுதான். அம்மன் இருக்கும் இடத்துக்கு 1.2 கிலோமீட்டர், எல்லாம் ஏற்றம். முதல் பத்து நிமிடம் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நடந்தேன். வெறுங்காலோடு ஏற்றத்தில் அப்படி நடக்கக் கூடாது. இரண்டு தடவை சறுக்கினேன். மூன்றாவது தடவை வேரைப் பிடிக்கக் கை நீட்டினேன். அதன் பிறகு கைக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. துவர்த்து சரிந்த இடத்தில், காற்று படாத தோலில் காற்று பட்டது. தழும்பின் மேல் ஒரு தூறல் துளி விழுந்ததும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. சுகமாக இருந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். பயமாகவே இருந்தது.

அங்கே சிலை கிடையாது. ஒரு பெரிய மரத்தின் வேர் வளைவும், மஞ்சள் தேய்த்த ஒரு கல்லும்தான். வீட்டில் மனப்பாடம் செய்து வந்த துதிகள் ஒன்றும் வரவில்லை. "அம்மா, வந்தாச்சு" என்று மட்டும் சொன்னேன். மேல் துவர்த்தை அவிழ்த்து வேரில் சாத்தினேன். நேரம் 11.10.

திரும்பும்போது பாதி வழியில் பேச்சுக்குரல் கேட்டது. ஒதுங்க ஒரு பக்கம் ஈற்றைக் காடு, மறுபக்கம் சரிவு. விறகுக் கட்டோடு இரண்டு பெண்கள் வளைவில் திரும்பி என் எதிரே வந்துவிட்டார்கள். மூத்தவள் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள்.

"அய்யோ, சோர!" என்றாள். மலையாளத்தில் ரத்தம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவள் கை நீட்டியது என் காலை. கணுக்காலில் பெருத்த அட்டை ஒன்று தொங்க, பாதம் முழுக்க ரத்தம். விறகுக் கட்டை இறக்கி வைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு அட்டைமேல் வைத்து உதிர்த்துவிட்டு, லீலாவிடம் "உப்பு கொண்டுவந்தும் காலை நோக்கலையா நீ?" என்று ஒரு வசவு வைத்துவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

11.50க்கு ஓடை. மைனி பாறைமேல் உட்கார்ந்து ஊக்கு முனையால் ஃபால்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது. இனித் தேவையில்லையே என்றேன். "கை சும்மா இருந்தா மனசு என்னெல்லாமோ நெனைக்கு" என்றார். கண் சிவந்திருந்தது.

அந்தச் சேலையையே சுற்றிக்கொண்டு இறங்கி, லீலா வீட்டை அடையும்போது தூறல் பலத்துவிட்டது. டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. அவசரமாக ஜாக்கெட்டைப் போட்டு, மாற்றுச் சேலையைச் சுற்றி, நனைந்ததை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து ஏறிவிட்டோம்.

கல்லாற்றில் டீக்கடை. இரண்டு டீ, இரண்டு பழம்பொரி, 44 ரூபாய். கடை முழுக்கப் பொன்முடி மலைக்குச் சுற்றுலா போகிற ஆண்கள் கூட்டம். அவர்களுக்கு நடுவே புகுந்து டீ வாங்கி வந்து, மைனிக்குக் கொடுத்து, மீதிச் சில்லறை வாங்கத் திரும்பப் போய், வாசலில் நின்று மழை பார்த்து, ஜீப்பில் ஏறி வித்துரா வந்து சேர்ந்தேன். வித்துரா பஸ் நிலையத்தில் முந்தானையைச் சரி செய்யும்போதுதான் கை வெறும் துணியைத் தொட்டது. ஜாக்கெட்டின் இடது பக்கம் சுருங்கிக் கிடந்தது. உடனே பையை மார்போடு அணைத்துக்கொண்டேன், தம்பானூர் வரை எடுக்கவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தேன். லீலா வீட்டிலிருந்து வித்துரா வரை ஒரு மணி பத்து நிமிடம். இரண்டு வருடத்தில் ஒரு நிமிடம்கூட நான் அதை மறந்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கூட்டம் கூடிவிடும் என்பதால் இடத்தின் பெயரை எழுத வேண்டாமென்று லீலா கேட்டுக்கொண்டார். கல்லாற்றில் பெண்களிடம் விசாரித்தால் சொல்வார்கள். வெள்ளைத் துவர்த்து நான்கு கொண்டு போங்கள், ஒன்று 60 ரூபாய்க்குள் கிடைக்கும். சேலைதான் வேண்டுமென்றால் ஃபால்ஸ், பீக்கோ இரண்டும் இல்லாததா என்று கரை முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். காலுக்கு ஜல்லிப் பழக்கம் போதாது, சேற்றிலும் நடந்து பழகுங்கள். மதியத்துக்கு முன் ஓடைக்குத் திரும்பிவிட வேண்டும். யாராவது எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று என்னைப் போல் ராத்திரியெல்லாம் யோசிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எனக்கு வந்தவர்கள் காலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான் தெரியும்.

பிளாஸ்டிக் பையை மறந்தே போய்விட்டேன். இன்று மாலைதான் பிரித்தேன். நனைந்த பொதிக்குள் கடுகு முளைத்து, தையலுக்கு இடையே வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. மைனி பார்த்துவிட்டு, "இனி இது தாளிக்கவும் ஆகாது" என்றார். நாளை காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பயம் குறையவில்லை. ஊசியில் நூலைக் கோத்து, புதுப்பஞ்சையும் கடுகு டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறரையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மணி ஒன்பது. இன்னும் தைக்கவில்லை.