மணலைக் கிளற விடமாட்டேன்

போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டைச் சோதனையிட இராணுவத்தினர் வந்தார்கள். கூடத்திலிருந்த கடல்மீன் தொட்டியில் அப்போது மணல் மட்டுமே தெரிந்தது. நான் வளர்த்த 'ராஸ்' என்னும் வகை மீன், அதிர்வு தெரிந்தால் மணலுக்குள் புதைந்துவிடும். சப்பாத்துச் சத்தம் படியேறும்போதே அது மறைந்துவிட்டது.

"மீனில்லாத தொட்டிக்கு என்னத்துக்கு லைட்? மணலுக்குள்ள என்ன கிடக்கு?" என்று சிங்களத்தில் கேட்ட அதிகாரி, துப்பாக்கிக் கத்தியை உருவினார். அதைக்கொண்டு கிளறினால் மீன் செத்துவிடும். நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, ஒரு மீனுக்காக உள்ளுக்குப் போகப் போறீங்களே?" என்றாள் மனைவி.

அரச சேவையில் எல்லா நடைமுறைகளையும் கரைத்துக் குடித்தவன் நான். கேட்கும் முன்பே அடையாள அட்டையை நீட்டுகிற நல்ல பிரஜை. அன்று அதிகாரியின் மொழியிலேயே சொன்னேன்: "கிளற விடமாட்டன். இருந்து பாருங்கோ, மீன் வெளியில வரும்."

அவர் என்னை முறைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து மணல் அசைந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு, சீருடைகளைக் கண்டு உடனே உள்ளே போனது.

அதிகாரி சிரித்தார். "இதுவும் பயந்தாங்கொள்ளிதான்."

"பயமில்லை மாத்தயா. கேக்காமல் வாறவையை அதுக்குப் பிடிக்காது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு கத்தியை உறையில் செருகி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

சொந்த வீட்டில் எப்படி நிற்பதென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.